துகள்கள் படுக்கும் திசை

செருப்பை வெளியே விட்டாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, குப்பியைக் கம்பி நுனியில் திருகி இரண்டு பெரிய காந்தங்களுக்கும் நடுவில் இறக்கியும் ஆயிற்று. இனி எனக்கு வேலை இல்லை, மெஷினுக்குத்தான் வேலை. கம்பி நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு ரீங்காரம் மட்டும் வந்து பல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒரு புள்ளி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு புள்ளி. காந்தத்தை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி, எதிர்ப்பக்கமாக ஏற்றி, மறுபடி இறக்கி, ஒரு வளைவு மூடுவதற்குள் ஒருத்தி ஜவுளிக்கடைக்குப் போய் முகூர்த்தச் சேலையே எடுத்து வந்துவிடலாம். அது முடிந்ததும் நான் எழுந்து குமிழைப் பிடித்துக் குப்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஒரு வளைவு, அப்புறம் இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொன்று. குப்பிக்குள் இருப்பது உறைந்த ஜெலட்டின், தொட்டால் சதை மாதிரி இருக்கும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள். எல்லாத் துகளும் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தால் நேராகப் பார்க்கும்போது வளைவு கொழுத்து வரும், குறுக்கே பார்க்கும்போது மெலிந்து வரும். கன்னாபின்னாவென்று கிடந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி. இவ்வளவுதான் சங்கதி. இந்த இவ்வளவுக்குத்தான் என் வயசெல்லாம் போயிருக்கிறது. “வளைவு நல்லா வரணும் வடிவு, டாக்டர் நேர்லயே பாக்கப் போறாரு,” என்று என் கைடு மேடம் காலையில் சொல்லிவிட்டுப் போனார். நல்லா வருவது என்றால் கொழுத்தும் மெலிந்தும் வருவது. ஒரே மாதிரி வந்தால் என் தீசிஸ் செத்தது, இந்த மாசக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவும் ரத்து, அதற்கப்புறம் நான் யாரோ. வளைவில் என்னடி நல்லது கெட்டது, அது பாட்டுக்கு வரும், நாம பாட்டுக்கு எழுதிக்கணும், என்று சேர்ந்த புதிதில் நானே ஊருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். இப்போது நானே நல்ல வளைவுக்குக் காத்துக்கிடக்கிறேன். நேற்று சாயங்காலம் நான் செய்துவைத்த காரியம் மேடத்துக்குத் தெரியாது.

“என்னட்டி, இன்னைக்கு உன் துகளு எந்தப் பக்கம் படுத்திருக்கு?” என் புருஷன் நெல்லையப்பன் தினமும் வண்டியை நிறுத்தும்போதே கேட்கிற கேள்வி. மின்வாரியத்தில் வேலை, கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில் காலத்தை ஓட்டுகிற மனுஷன், அவருக்குப் புரியவைப்பது லேசாகத்தான் இருந்தது. புற்றுக்கட்டிக்குள் துகளை ஊசியில் ஏற்றிவிட்டு, வெளியே ஒரு காயிலை, கம்பிச்சுருளை, வைத்துக் காந்தத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினால் துகள் சூடாகும், அந்தச் சூட்டில் கட்டி வெந்து சாகும், பக்கத்துச் சதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் துகள் படுத்திருக்கிற பக்கமும் காயில் பார்க்கிற பக்கமும் ஒத்துப்போனால்தான் நல்ல சூடு. “அப்போ ஆன்டெனாவத் திருப்பி வெக்குற மாதிரின்னு சொல்லு,” என்றார். அதேதான். கல்யாணமான புதிதில் இந்தக் கேலிக்கு நிஜமாகவே சிரித்தேன். அப்புறம் சிரிக்கிற மாதிரி நடித்தேன். இப்போது அவர் வாயைத் திறக்கும்போதே எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. பாவம், அவரைச் சொல்லி என்ன. அவர் கேட்காமல் விழுங்குகிற கேள்வி வேறொன்று இருக்கிறது. தீசிஸ் முடியட்டும், தீசிஸ் முடியட்டும் என்று பிள்ளையைத் தள்ளித் தள்ளிப் போட்டது நான்தான். மாமியார் முன்பெல்லாம் குத்திக்காட்டுவாள், நானும் பதிலுக்கு வெடுக்கென்று ஏதாவது சொல்வேன், வீடு வீடாக இருந்தது. இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவள் நான் வந்தால் இறக்கிவிடுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கே விட்டேன்? காயில். கட்டிக்குள் துகள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் எல்லோரும் மருந்தை அள்ளி அள்ளி ஏற்றுகிறார்கள், ஈரல் அதைத் தாங்காது. சதை மாதிரியான ஜெலட்டினில் துகள்கள் யார் சொல்லியும் இல்லாமல் தாமாகவே ஒரே பக்கமாக அடுக்கிக்கொள்கின்றன, பக்கத்தைக் கண்டுபிடித்துக் காயிலைத் திருப்பிவிட்டால் மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று நாங்கள் ஒரு கட்டுரை எழுதினோம். நாங்கள் என்றால் மேடம் பெயர் முதலில். ஒவ்வொரு குப்பியிலும் பக்கம் மட்டும் வேறு வேறாக வந்தது, ஒரு நாள் வடக்கே, ஒரு நாள் மூலையில். ஏன் மேடம் இப்படி மாறுது என்று கேட்டேன். அதுதான்டி அழகு, அது தானே முடிவு பண்ணுது என்று சொல்லி, தன்னிச்சையாக என்று ஒரு வார்த்தையும் போட்டார். அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் மதுரையிலிருந்து டாக்டர் ராஜவேல் தேடிக்கொண்டு வந்தார்.

தங்கமான மனுஷன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லவும் எரிச்சலாக இருக்கிறது, அயோக்கியனாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முதல் தடவை வந்தபோது மேடம் அறையில் ஃபேன் ஓடவில்லை, சட்டையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்க, உட்காராமல் நின்றபடியே கேட்டார்: “எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லா ஆஸ்பத்திரியும் சுத்திட்டு வர்றவங்கம்மா. அவங்களுக்கு இதுதான் கடைசி வண்டி. பாதி மருந்து போதும்னு நிச்சயமாச் சொல்றீங்களா?” மேடம் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு எனக்கு அது நிச்சயம்தான், மனசறிந்து ஆட்டின தலை. போன மாசம் ஃபோனில் ஒரு பேஷன்டைப் பற்றிச் சொன்னார். பஸ் கண்டக்டராம், ஈரலில் கட்டி, கையெழுத்துப் போடும்போது, “சூடு போடுறதுதான சார், இன்ஜின் பக்கத்துலயே நின்னு பழகுன உடம்பு, போடுங்க,” என்றானாம். டாக்டர் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த ஆளுக்குப் பாதி மருந்து போட்டு, காயிலை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, உள்ளே துகளெல்லாம் கன்னாபின்னாவென்று கிடந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் ஆகும். வெதுவெதுவென்று இருக்கும். கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி, அது சுகமாக வளரும். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. முதல் வளைவு மூடப் போகிறது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்ததோடு ஒப்பிட்டால்தான். இந்த ஏசியை யார் இவ்வளவு குளிராக வைத்தது, மெஷினுக்குச் சளி பிடிக்காதா. விரல் விறைத்துவிட்டது. துப்பட்டாவைக் கைக்குள் சுற்றிக்கொள்கிறேன்.

எங்கள் லேப் ஒரு காலத்தில் கெமிஸ்ட்ரிக்காரர்கள் கண்ணாடிச் சாமான் கழுவின அறை. மேடம் வேலைக்குச் சேர்ந்தபோது துறையில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் நல்ல அறைகளை வளைத்துக்கொண்டு, மங்கையர்க்கரசிக்கு இது போதும் என்று கக்கூஸ் பக்கத்தில் இதைக் கொடுத்தார்களாம். அந்தக் கதையை மேடம் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார், சொல்லி முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். கழுவுகிற அறை என்பதால் சிமென்ட் மேடையைத் தண்ணீர் ஓடுகிற வாட்டத்துக்குச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். பென்சிலை வைத்தால் உருண்டு தொட்டியில் விழும். அதில் ஜெலட்டினை உறைய வைத்தால் சாய்ந்து உறையும், சாய்ந்த குப்பியை மெஷினில் போட்டால் வருவதெல்லாம் குப்பை. மேடைக்குப் பதிலாக ஒரு மேஜை வாங்கித் தாருங்கள் என்று மேடம் எழுதிக் கேட்டு, கேட்டு, சண்டை போட்டு, துறைத் தலைவர் முகத்துக்கு நேராக, “உங்களுக்கு எதுக்கும்மா மேஜை, சமையலா பண்ணப் போறீங்க,” என்றாராம். கடைசியில் மேடமே ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டிரர். கரைசலைக் கலக்குகிற பெட்டி, அடியில் திருகு வைத்த கால், எங்கே வைத்தாலும் மேல்தட்டை மட்டமாக்கிக்கொள்ளலாம். அறையிலேயே மட்டமான இடம் அது ஒன்றுதான். அதன் மேல் பாத்திரத்தை வைத்து, உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு ஸ்விட்சைப் போட்டால், பெட்டிக்குள் இருக்கிற காந்தம் சுற்றும், அதோடு சேர்ந்து மாத்திரையும் சுற்றிக் கலக்கும். கலக்கி முடித்ததும் ஸ்விட்சை அணைத்து, குப்பியில் ஊற்றி, அதே பெட்டியின் மேலேயே உறைய வைப்போம். நான் சேர்ந்த அன்றைக்கு மேடமே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார், தூளியில் பிள்ளையைக் கிடத்துகிற பக்குவத்தோடு குப்பியை வைத்தார். வைப்பதற்கு முன் ஒருவர் கேட்க வேண்டும், அணைச்சாச்சா? ஒருவர் சொல்ல வேண்டும், அணைச்சாச்சு. காந்தத் துகளாச்சே, பக்கத்தில் காந்தம் சுற்றினால் கெட்டுப்போகுமே, அவ்வளவு ஜாக்கிரதை நாங்கள். அணைச்சாச்சா? அணைச்சாச்சு மேடம். சாமி கும்பிடுகிற மாதிரி சொல்லியிருக்கிறோம். அந்த ஜெலட்டின் கொதிக்கிற வாடை, மாட்டுக் குளம்பு வேகிற வாடை, முட்டைகூட ஏறாத வீட்டில் வளர்ந்த என் மூக்குக்கு அது பழகினதுபோல அணைச்சாச்சு என்பதும் வாய்க்குப் பழகிவிட்டது.

ஊக்கு. ஒரு ஊக்கு விழுந்தது, அவ்வளவுதான் நடந்தது. போன வாரம் துப்பட்டா தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு மடிப்பைச் சரிபண்ணும்போது நழுவி, அணைத்து வைத்திருந்த ஸ்டிரர் மேல் விழுந்தது. விழுந்த ஊக்கு படுக்கவில்லை. எழுந்து நின்று ஆடிவிட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. எடுத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி அதே பக்கமாகத் திரும்பி ஒட்டியது. பிளக்கைப் பிடுங்கினேன். ஒட்டியது. வயரைச் சுருட்டித் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது. அணைச்சாச்சு அணைச்சாச்சு என்று இத்தனை காலமும் எதை அணைத்தோம்? மோட்டாரை அணைத்தோம். சுற்றுவது நின்றது. உள்ளே இருக்கிற காந்தத்துக்கு ஏது ஸ்விட்சு? அது பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, அன்றன்றைக்கு எந்தப் பக்கமாகச் சுற்றி நின்றதோ அந்தப் பக்கமாகத் துகளையெல்லாம் இழுத்து அடுக்கிக்கொண்டு, ஜெலட்டின் உறைகிறவரைக்கும் பிடியை விடாமல். ஒரு நாள் வடக்கே, ஒரு நாள் மூலையில். தன்னிச்சையாகவாம்! மண்ணாங்கட்டி. காந்தத்தைத் தவிர வேறெதையும் ஆராயாத லேப், சுவரெல்லாம் காந்தப்படம், வாயைத் திறந்தால் காந்தம், குப்பிக்கு அடியில் காந்தம் இருக்கிறது என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை. மளிகைக்கடையில் நிற்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால்கூட, ஏம்மா அடியில காந்தம் இருக்கே என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இரண்டு பட்டம் வாங்கினவள், மேடம் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தேன்.

ஒரு வாரமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. ஸ்டிரர் காந்தம் சின்னது, அது எங்கே இத்தனை துகளை அடுக்கப் போகிறது என்று ஒரு நாள் சமாதானம். அடுக்கினால்தான் என்ன, தாமாகவும் அடுக்கியிருக்கலாம், காந்தமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம் என்று இன்னொரு நாள். பாத்திரம் தேய்க்கும்போது தெளிவாக இருக்கும், மேடம் முகத்தைப் பார்த்ததும் குழம்பிவிடும். சும்மா யோசித்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் நேற்று, டாக்டருக்குக் காட்டப் புதுசா ஒண்ணு போட்டு வை வடிவு என்று மேடம் சொன்னதும், கரைசலைத் தயாரித்து, குப்பியில் ஊற்றி, ஸ்டிரர் பக்கமே போகாமல் அறையின் கடைக்கோடி ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஒரு மரஸ்டூல், ஆணிகூட இல்லாதது, மூங்கில் முளை அடித்தது, காலுக்கு அடியில் அட்டையை மடித்து மடித்துச் சொருகி மட்டம் பார்த்து, அதன் மேல் வைத்தேன். அந்தக் குப்பிதான் இப்போது மெஷினுக்குள் இருக்கிறது. துகள் நிஜமாகவே தானாகப் படுக்கிறதென்றால் இதிலும் படுத்திருக்கும், நான் பிழைத்தேன், கண்டக்டரும் பிழைப்பான். படுக்கவில்லை என்றால்... முதல் வளைவு மூடிவிட்டது. எழுந்து குமிழைத் திருப்புகிறேன். குளிரில் குமிழ் கையைக் கடிக்கிறது. அடுத்த வளைவு. ஒரு புள்ளி. வேண்டிக்கொள்ளலாமா? எந்தச் சாமியிடம் என்னவென்று வேண்டுவது, ஏ காந்திமதி தாயே, துகளைக் கொஞ்சம் வரிசையாப் படுக்கச் சொல்லு என்றா? சிரிப்பு வருகிறது. வேண்டிக்கொள்கிறேன், வெட்கமில்லாமல் அப்படியேதான் வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டாவது, முதலாவதன் மேலேயே போய் உட்கார்ந்தது. கோட்டின் மேல் கோடு. திரையைத் துடைத்துப் பார்த்தேன், என்னவோ தூசி மறைக்கிற மாதிரி. கம்பி சரியாகத் திரும்பவில்லையோ? குப்பி லூசாக இருக்குமோ? நிறுத்தி, எடுத்து, இறுக்கி, மறுபடி மாட்டி, நன்றாகக் குறுக்கே திருப்பி வைத்திருக்கிறேன். இதுதான் கடைசி நம்பிக்கை. லேப் ஃபிரிட்ஜில் பழைய குப்பி ஒன்று இருக்கிறது, ஸ்டிரர் மேல் உறைந்தது, கொழுத்தும் மெலிந்தும் அழகாக வரக்கூடியது. இதை எடுத்துவிட்டு அதை மாட்டினால் யாருக்குத் தெரியும்? லேப் எதிர் அறைதான். போகவும் செய்தேன், ஆமாம், ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவரைக்கும் வந்தேன். மேடம் அறையிலிருந்து டாக்டர் பேசுவது கேட்டது. அந்தக் கண்டக்டருக்கு அடுத்த திங்கட்கிழமை வைத்திருக்கிறார்களாம், அவன் சம்சாரம் திருச்செந்தூருக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருக்கிறாளாம். பொம்பளை மொட்டை போட்டிருக்கிறாள். வராந்தாவில் அப்படியே நின்றேன். உள்ளங்கையில் குப்பி வியர்த்தது. எனக்கென்று வேண்டிக்கொண்டு ஒருத்தி மொட்டை போட்டிருக்கிறாளா? என் பிள்ளையை யார் திருப்பித் தருவார்கள்? இல்லாத பிள்ளைதான், வந்திருக்க வேண்டிய பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயசு ஆகியிருக்கும். எவனோ ஒருத்தன் ஈரலுக்காக நான் எதற்கு என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும்? அவன் எப்படியும் சாகப் போகிறவன்தானே என்று நினைத்தேன். நினைத்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படி நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது, நிஜமாகவே கசந்தது, எச்சிலைத் துப்பினால் தேவலை என்று இருந்தது. குப்பியைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, திரும்பப் போய் விட்டுவிட்டு வந்தேன், பார், அதற்கெல்லாம் குறைச்சல் இல்லை.

மூன்றாவதும் அதேதான். கோட்டின் மேல் கோட்டின் மேல் கோடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வளைவு, கொழுப்பும் இல்லை, மெலிவும் இல்லை. துகள்கள் தாமாக எங்கேயும் படுக்கவில்லை, எந்தக் காலத்திலும் படுத்ததில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, பசிக்கிறது. டப்பாவில் எலுமிச்சஞ்சாதம் இருக்கிறது. கோபம் யார் மேல் வருகிறது என்றால், மேஜை தராத அந்தத் தலைவர் மேல் வருகிறது, அவர் எப்போதோ ரிட்டயராகி வாக்கிங் போய்க்கொண்டு சுகமாக இருக்கிறார். சரித்துக் கட்டின கொத்தனார் மேல் வருகிறது. மேடம் மேல்? மேடம் மேல் வர மாட்டேன் என்கிறது. என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று பரிமாறின மேடம். எனக்கு டைபாய்டு வந்தபோது ஹாஸ்டலுக்குக் கஞ்சி கொண்டுவந்த மேடம். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் கழுவுகிற அறையில் உட்கார்ந்து ஒரு பெயரைச் சம்பாதித்த மேடம். அவருக்கு இதைச் சொல்ல வேண்டுமே, மேடம், நாம எல்லாருமே ஏமாந்துட்டோம் மேடம் என்று. பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். இடிந்து போய்விடுவார். அவரைத் தேற்றுகிற வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், என் தலை போகிற நேரத்தில்.

கதவு திறந்தது. மேடம் முன்னால், டாக்டர் பின்னால், ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு. “என்னம்மா, நல்லா இருக்கீங்களா? துகள் என்ன சொல்லுது?” என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் திரையைப் பார்த்துவிட்டார். ஒரு நொடிதான் பார்த்தார். கண்ணாடியைக்கூடச் சரிபண்ணிக்கொள்ளவில்லை. உடனே டாக்டர் பக்கம் திரும்பி, திரையை மறைத்து நின்றுகொண்டு, “சாம்பிள் சரியா செட் ஆகல டாக்டர். ஜெலட்டின்ல இது சகஜம். வாங்க, நாம சாப்பிட்டுட்டு வந்துரலாம், அதுக்குள்ள வடிவு வேற போட்டு வெச்சிருவா,” என்றார். “அதுக்கென்ன, நிதானமாப் பண்ணட்டும்,” என்று டாக்டர் வெளியே போய்க் குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார். கதவு பாதி திறந்திருந்தது. மேடம் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வெச்சு உறைய வெச்ச?”

எனக்கு முதலில் விளங்கவில்லை, பதில் சொல்லத்தான் போனேன். ஸ்டூல் என்று பாதி வாயில் வந்துவிட்டது. அப்புறம்தான் மண்டையில் விழுந்தது. எங்க வெச்ச. தூள் பழசா என்று கேட்கவில்லை. குப்பி லூசா என்று கேட்கவில்லை, மெஷினை யாராவது நோண்டினார்களா என்று கேட்கவில்லை, ஒரு வளைவு தப்பாக வந்தால் கேட்கிற நூறு கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எங்க வெச்ச என்று கேட்கிறவளுக்கு எங்கே வைத்தால் என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எப்போதிலிருந்து? கட்டுரை எழுதினபோதா? அதற்கும் முன்னாலா? தன்னிச்சையாக என்று எழுதின அந்தக் கை தெரிந்தே எழுதியதா? அணைச்சாச்சா அணைச்சாச்சா என்று என்னிடம் கேட்டபோதெல்லாம்? நான் உங்களைத் தேற்ற வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன் மேடம். அடப்பாவி. “உங்களுக்குத் தெரியுமா மேடம்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார், வேலை செய்யப் போகும்போது செய்கிற மாதிரி. “ஃபிரிட்ஜ்ல பழசு ஒண்ணு இருக்கும், அத எடுத்துப் போடு,” என்றார். “மாசக் கடைசி வந்துட்டு, ஞாபகம் இருக்குல்ல? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த ரூம்ல உக்காந்து இவ்வளவு தூரம் கொண்டுவர நான் என்னென்ன பட்டேன்னு உனக்குத் தெரியாது.” தெரியும் மேடம். வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். அவர் கை மௌஸ் பக்கம் போனது, வளைவை அழிக்க. என் கை அதற்கு முன்னால் போய் மௌஸ் மேல் உட்கார்ந்துவிட்டது. அவர் கை என் கை மேல் இருந்தது. கஞ்சி கொண்டுவந்த கை. சூடாக இருந்தது, என் கைதான் குளிர்ந்து கிடந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார், நான் எடுத்துவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை. வெளியே டாக்டர் இரண்டாவது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் சார்,” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க வேண்டாம். “சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

கட்டின ஷூவோடு அப்படியே வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினார். “என்னம்மா?”

“சாம்பிள் நல்லாத்தான் சார் செட் ஆகியிருக்கு. இதுல திசையே இல்ல. எதுலயும் இருந்ததில்ல. நாங்க சொன்னது தப்பு. அந்தக் கண்டக்டருக்குப் பாதி மருந்து போட்டுராதீங்க.”

சொல்லிவிட்டேன். போச்சு. எல்லாம் போச்சு. டாக்டர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடத்திடம்தான் பதிலுக்குக் காத்திருந்தார். மேடம் சிரித்தார், அம்மா பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் சிரிக்கிற சிரிப்பு. “பாவம், ரொம்ப டென்ஷன்ல இருக்கா டாக்டர். தீசிஸ் டைம்ல எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்,” என்றார். என் கை மேலிருந்த கையை எடுத்துத் தோளில் தட்டினார். “வடிவு, நீ போய் டாக்டருக்கு ஒரு காப்பி சொல்லிட்டு, முகத்தக் கழுவிட்டு வா.”

டாக்டர் இப்போது என்னைப் பார்த்தார், பரிதாபமாக. கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது, மேடம் சொன்னால் எழுந்திருக்கிற கால். எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டேன்.

“ஷூவோடயே வாங்க சார், பரவால்ல,” என்றேன். “உக்காருங்க. நீங்களே திருப்பித் திருப்பிப் பாருங்க. கொஞ்ச நேரமாகும்.”